பழுதான செல்கள்

"இது எனக்கு ஒத்துவராது மேடம். ஊருக்கே போயிடறேன்" என்று ஆய்வகச் சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார் ஜெபராஜ்.

காது கேட்கும் கருவி விற்றுக்கொண்டிருந்த கடையை மூடிவிட்டு, நரைத்த தலையோடு மூளை ஆராய்ச்சிக்கு வந்தவர். எலியின் மூளையைப் படிக்க வந்து எலிப்பொறியில் மாட்டிக்கொண்டார். மறுநாள் ஆய்வுக்குழு முன் முடிவைச் சொல்லாவிட்டால் ஆய்வு மாணவர் பதிவு ரத்து.

வழிகாட்டி ஆயிஷா அவரைவிட ரொம்பச் சின்னவள்.

"என்ன ஆச்சு சார்?"

"காதுலேருந்து சத்தம் எலி மூளைக்குள்ள நுழையுற இடத்துல ஊசியை வெச்சு ஒவ்வொரு செல்லா பதிவு பண்றேன். ஒரே சத்தத்தைத்தான் கொடுக்கறேன். ஒரு செல் தொடக்கத்துல ஒரு துடிப்பு துடிச்சுட்டு வாயைப் பொத்திக்குது. ஒண்ணு சத்தம் நிக்கிற வரைக்கும் விடாம தட்டுது. இன்னொண்ணு சும்மா கிடந்துட்டு சாவகாசமா முழிக்குது."

"நீங்க என்ன பண்ணினீங்க?"

"விடாம தட்டுறதை மட்டும் வெச்சுக்கிட்டேன். மத்ததெல்லாம் ஊசி பட்டுப் பழுதானதுன்னு ஒதுக்கிட்டேன். இப்ப பாதிக்கு மேல பழுது. யார் நம்புவாங்க?"

"கண்ணை மூடுங்க சார்."

மூடினார்.

எதுவோ விழுந்தது.

"என்னது?" என்றாள் ஆயிஷா.

"சாவிக்கொத்து. நான் வெச்சது."

"எங்கே?"

"எனக்குப் பின்னாடி. இடப்பக்கம்."

"எப்போ?"

"நீங்க சொல்லி வாய் மூடினதும்."

"கை தவறி விழுந்துச்சா?"

"இல்லை, வீசினீங்க."

"ஒரே சத்தம்தானே சார்?"

ஜெபராஜ் கண்ணைத் திறக்கவில்லை.

"இத்தனையும் உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு ஆயிஷா டீ குடிக்கப் போய்விட்டாள்.

அவர் எழுந்து, ஒதுக்கிவைத்த பதிவுகளை ஒவ்வொன்றாக ஸ்பீக்கரில் போட்டார். டப். ஒரு துடிப்பு, அவ்வளவுதான். நேற்றுவரை வாய்க்கு வந்தபடி திட்டிய செல் அது.

"எப்போன்னு நீதான்டா சொன்னே" என்றார் அதனிடம்.

சந்தோஷத்தில் தனியாகவே சிரித்தார். பிறகு குனிந்து சாவியைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஆய்வுக்குழுத் தலைவர் திரையை வெகுநேரம் பார்த்தார். ஒரு செல்லைக்கூட விடாமல் எல்லாம் இருந்தன.

"ஒரே சத்தத்துக்கு ஆளுக்கொரு பதில் சொல்லுது. இதுல எதைங்க நம்புறது?"

ஜெபராஜ் பைக்குள் கையை விட்டார்.

"கொஞ்சம் கண்ணை மூடுங்க சார்."