முதலாளி பெயரும் ரேடியேட்டரும்

சங்ககிரியில் நாச்சிமுத்து முதலாளியின் லாரியைத் தெரியாதவர் கிடையாது. ரேடியேட்டரை மறைத்தபடி, அவர் பெயர் பொறித்த பித்தளைப் பலகை முன்னால் மின்னும். திம்பம் மலையில் பாதி ஏறுவதற்குள் இன்ஜின் கொதித்துவிடும்.

ஒருநாள் முதலாளி கோயம்புத்தூரிலிருந்து புதுத் தெர்மோஸ்டாட் வாங்கி வந்தார். "பழையது சூடு ஏறினப்புறம்தான் திறக்கும். இது சீக்கிரமே திறந்து தண்ணியை ரேடியேட்டருக்கு விட்டுடும், மாதேசு. இனியும் வண்டி கொதிச்சா வேற டிரைவரைப் பார்த்துக்குவேன்."

"தண்ணி சீக்கிரம் வந்தாலும் அது ஆறக் காத்து வேணுமுங்களே. அந்தப் பலகையை மட்டும்..."

"என் பேர் இல்லாம வண்டி நகரக் கூடாது!"

மாதேஸ்வரன் தலையாட்டிவிட்டுத் தெர்மோஸ்டாட்டை மாட்டினான். மறுநாள் பாரத்தோடு மலையேறிய லாரி, ஒரு இடத்திலும் கொதிக்காமல் திரும்பியது.

"பார்த்தியா என் தெர்மோஸ்டாட்டை!" என்று வண்டியைத் தட்டிக்கொடுக்க வந்த முதலாளி, முன்பக்கத்தைப் பார்த்து அலறினார். "எங்கடா என் பேரு?"

"பின்னாடி மாட்டியிருக்கேனுங்க. முன்னாடி இருந்தா எதிர்ல வர்றவன் கண்சிமிட்டற நேரம்தான் பார்ப்பான். மலையில நம்மளை முந்த முடியாம பின்னாடி வர்றவங்க, மேல போய்ச் சேர்ற வரைக்கும் உங்க பேரைத்தானுங்க படிச்சாகணும்."

முதலாளி பின்பக்கம் போய் நின்று பார்த்தார். பலகையைத் துண்டால் ஒருமுறை துடைத்தும் விட்டார்.

அடுத்த நடையில் லாரி திம்பம் ஏறியபோது, பின்னால் ஒரு கார் ஹாரன் அடிக்காமல் வந்துகொண்டே இருந்தது. மாதேஸ்வரன் ஒதுங்கிக் கைகாட்டியும் முந்தவில்லை. கண்ணாடியில் பார்த்தான். கார் ஓட்டி வந்த முதலாளி, உதடுகள் அசைய, தன் பெயரைப் படித்துக்கொண்டிருந்தார்.