இலுப்பைப் பொந்தில் உமி

மூங்கில் பூத்த வருடம் அது. காட்டில் யாரும் யாரையும் நம்பவில்லை.

வயிறு நிறைந்த வருடத்தில் சந்தேகம் எதற்கு என்று கேட்பீர்கள். மூங்கில் தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்து, மூட்டை மூட்டையாக அரிசியை உதிர்க்கும். உதிர்த்த கையோடு புதரே காய்ந்து செத்துப்போகும். ஆகையால் இன்றைக்கு விருந்து, கோடை வந்தால் பட்டினி. விருந்து நடக்கும்போதே பட்டினியை நினைக்கிறவர்களுக்கு அடுத்தவர் கன்னம் எவ்வளவு உப்பியிருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது.

அதனால் மிருகங்கள் எல்லாம் கூடி ஒரு வரி போட்டுக்கொண்டன. அதற்கு வாய்வரி என்று பெயர். பத்து வாய் அரிசி பொறுக்கினால் ஒரு வாய் அரிசியை இலுப்பை மரத்துப் பொந்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும். கோடையில் குட்டி போட்டவர்களுக்கும், கால் ஒடிந்தவர்களுக்கும் அதிலிருந்து கொடுப்பார்கள்.

பொந்துக்குக் காவல், கரடி காத்தமுத்து. மூங்கில் அரிசி பல்லில் ஒட்டுகிறது என்று கரடி அதைத் தொடாது. காவல் வேலைக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

கரடிக்கு மூக்கு கூர்மை. ஒரு வளையின் வாசலில் நின்று மோந்தால் உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு என்று சொல்லிவிடும். ஆனால் அது தானாகப் போய் எந்த வளையிலும் மூக்கை நீட்டக் கூடாது என்பது கட்டுப்பாடு. யாராவது பட்டப்பகலில் இலுப்பை மரத்தடிக்கு வந்து, தன் சொந்தக் குரலில், தான் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் கரடி போய் மோந்து பார்க்கும். மறைத்தது தெரிந்தால் இரண்டு பங்காக வாங்கும். சொன்னவருக்குப் பரிசு கிடையாது. சொன்னவர் பெயரை மறைக்கவும் மாட்டார்கள்.

நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் ஒருவரும் இதுவரை மரத்தடிக்குப் போய் அப்படிச் சொன்னதில்லை.

அணில் கோடாயி ஒரு பட்டமரத்தில் குடியிருந்தது. அந்த மரத்தின் வேரடியில் பெருச்சாளி பூலோகத்தின் வளை. கோடாயி வயிற்றில் குட்டிகள் இருந்தன. கோடையில்தான் பிறக்கும். கண் திறக்காத குஞ்சுகளை விட்டுவிட்டு அதனால் இரை தேடி எங்கும் போக முடியாது. பொந்தில் அரிசி இருந்தால் அதன் குட்டிகள் பிழைக்கும். இல்லையென்றால் இல்லை. இப்படி இருக்கிற ஒருத்திக்குக் கண் நாலு பக்கமும் சுழலாமல் என்ன செய்யும்?

ஒருநாள் கோடாயி கீழே எட்டிப் பார்த்தது. பூலோகத்தின் வாசலில் புதுமண் குவிந்திருந்தது. அடுத்த நாள் குவியல் இன்னும் பெரிதாக இருந்தது.

"அண்ணே! என்ன, வீட்டைப் பெருசாக் கட்டுறீங்களா?" என்று கேட்டது கோடாயி.

"அதெல்லாம் இல்ல தங்கச்சி! உள்ள ஒரே புழுக்கம். காத்து வரட்டுமேன்னு ஒரு வழி விடுறேன்!" என்றது பூலோகம்.

காற்றுக்காக விட்ட வழியைச் சருகு போட்டு மூடுவார்களா? வேருக்குப் பின்னால் இருந்த அந்தப் புது ஓட்டையின் மேல் சருகு கனமாகக் கிடந்தது. கோடாயி அந்தப் பக்கம் நகர்ந்ததும் பூலோகம் அவசரமாக வந்து வாலால் இன்னும் கொஞ்சம் சருகைத் தள்ளிவிட்டது.

"பாம்பு பயம்!" என்றது, கேட்காமலே.

கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கும் சந்தேகம்தான் வரும். கோடாயிக்கும் வந்தது.

அன்று முதல் அது வேறு வேலை பார்க்கவில்லை. பூலோகம் மூங்கில் புதருக்குப் போனால் பார்த்தது. திரும்பி வந்தால் பார்த்தது. கன்னம் பிதுங்க வந்து வளைக்குள் நுழைவதே அதிகமாக இருந்தது. இலுப்பை மரத்துக்குப் போவது எப்போதோ ஒரு தடவைதான். அப்போதும் கன்னம் அரைகுறையாகத்தான் உப்பியிருந்தது. 'பேசும்போது மூச்சில் அரிசி வாசம் வருகிறது. அந்த நடையே சரியில்லை!' என்று எண்ணியது. நடையில் என்ன கண்டதோ, தெரியாது. சந்தேகம் வந்துவிட்டால் தும்மினால்கூடக் குற்றமாகத்தான் தெரியும்.

ஆனால் சொல்லலாமா?

போன மழைக்காலத்தில் ஒரு சாரைப்பாம்பு பட்டமரத்தில் ஏறியது. அன்றைக்கு அதன் வாலைக் கடித்துக் கீழே இழுத்துப் போட்டது இதே பூலோகம்தான். கோடாயி இன்று உயிரோடு இருப்பது அதனால். 'அவர் மேல் போய்ப் புகார் சொன்னால் காட்டிக் கொடுத்தவள் என்று காடே என்மேல் துப்பும். நாளைக்குப் பாம்பு வந்தால் யாரைக் கூப்பிடுவேன்? ஆனால் சொல்லாவிட்டால் என் குஞ்சுகளின் வாய் அரிசி அந்த வளைக்குள் போய்விடும்.' கோடாயிக்கு இரண்டு பக்கமும் இழுத்தது.

கடைசியில் ஒரு காலை மனதைக் கல்லாக்கிக்கொண்டு இலுப்பை மரத்தை நோக்கிக் கிளம்பியது.

பாதி வழியில் மைனா மங்களம் உட்கார்ந்திருந்தது.

"என்னடி கோடாயி, முகமே சரியில்ல! எங்க போற?"

"ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான்."

"சும்மா போறவ மூஞ்சியா இது? சொல்லு!"

கோடாயி முன்னும் பின்னும் பார்த்தது. "உங்ககிட்ட ஒரு யோசனைதான் கேக்குறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க!" என்று ஆரம்பித்து, பார்த்ததைச் சொன்னது. பார்க்காததையும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னது.

மைனா கண்ணை உருட்டியது. "அப்படியா சங்கதி! நீ ஏன்டி கரடிகிட்ட போய் உன் பேரைக் கெடுத்துக்கிற? அடுத்த வீட்டுக்காரன் பொல்லாப்பு நமக்கு எதுக்கு? வீட்டுக்குப் போ! நான் வாயே திறக்க மாட்டேன்!"

கோடாயிக்குப் பாரம் இறங்கியது போல இருந்தது. சொல்லியும் ஆயிற்று, பெயரும் கெடவில்லை! நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பியது.

மைனா வாயைத் திறக்கவில்லை. காட்டுக்கோழியின் காதோரம் மட்டும் திறந்தது. காட்டுக்கோழி முயலிடம் சொன்னது. முயல் முள்ளம்பன்றியிடம் சொன்னது. எல்லோரும் "யார்கிட்டயும் சொல்லாதே!" என்று தவறாமல் சொல்லித்தான் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் பூலோகத்தின் வளையில் ஏழு அறைகள் வந்துவிட்டன. மறுநாள் அது ஆற்றுக்கு அடியில் புகுந்து அக்கரைக்குப் போய்விட்டது!

"பூலோகம் வரியே கட்டுறதில்லையாம்!" என்றது முயல்.

"அப்ப நாம மட்டும் இளிச்சவாயா?" என்றது முள்ளம்பன்றி.

மறுநாள் முள்ளம்பன்றி தன் வாய் அரிசியை வீட்டிலேயே கொட்டியது. கன்னம் நிறைய உமியை அடைத்துக்கொண்டு போய்ப் பொந்தில் துப்பியது. முயலும் அப்படியே செய்தது. காட்டுக்கோழியும் செய்தது. மைனாவைக் கேட்கவே வேண்டாம். உமி லேசானது, ஆனால் இடத்தை அடைக்கும். பொந்து நாளுக்கு நாள் பொங்கி வழிந்தது.

மோப்பக்காரக் கரடிக்கு இது தெரியாமல் போனது எப்படி? இலுப்பை பூத்திருந்தது. மரத்தடியெல்லாம் பூ. தின்னத் தின்ன அலுக்காத இனிப்பு. அந்த வாசத்தில் கரடி சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது. யார் வந்தாலும் அவர்கள் கன்னத்தைப் பார்த்துத் தலையாட்டியதே தவிர, வாயிலிருந்து விழுவதைப் பார்க்கவில்லை. காவல்காரருக்கும் இதில் பங்கு உண்டு, நான் மறைக்கப் போவதில்லை.

கோடாயி மட்டும் சில நாள் ஒழுங்காக அரிசி கொண்டுபோனது. பிறகு ஒருநாள் வழியில் முயல் அதைப் பார்த்துச் சிரித்தது.

"நீயா இன்னும் அரிசி போடுற? புள்ளத்தாச்சி, உனக்கே வேணுமே! அந்தப் பெருச்சாளிக்குப் பதிலா நீ கட்டுறியா?"

கோடாயிக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு ஒரே ஒரு தடவை என்று நினைத்து அதுவும் உமியைப் போட்டது. மறுநாள் மறுபடியும் ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு கரடியிடம் போக வேண்டும் என்ற நினைப்பே அதற்கு வரவில்லை. தன் கன்னத்தில் உமியை வைத்துக்கொண்டு அடுத்தவன் அரிசியைப் பற்றி எப்படிப் பேசுவது?

கோடை வந்தது. மூங்கில் புதர்கள் காய்ந்து கரகரவென்று முறிந்தன. இலுப்பைப் பூவும் தீர்ந்தது. பட்டமரத்துப் பொந்தில் கோடாயிக்கு மூன்று குஞ்சுகள் பிறந்தன. அது மிச்சம் பிடித்த கொஞ்ச அரிசியையும் வண்டு துளைத்துவிட்டது. பால் வற்றத் தொடங்கியது.

கோடாயி இலுப்பை மரத்துக்கு ஓடியது. "கரடி மாமா! குஞ்சு பொறந்திருக்கு. என் பங்கைக் கொடுங்க!"

"அதுக்குத்தானேம்மா இருக்கு! பொந்து வழியுதே!" என்று சிரித்துக்கொண்டே கரடி கையை விட்டது. வந்தது உமி. முழங்கை வரை விட்டது. உமி. தோள் வரை விட்டுத் துழாவியது. அடியில் ஒரு பிடி அரிசி இருந்தது. அதையும் பூசணம் பிடித்திருந்தது.

கரடி போட்ட சத்தத்தில் காடே மரத்தடியில் கூடிவிட்டது.

"யார் செஞ்சது இது?"

எல்லாக் கண்களும் பூலோகத்தின் மேல் திரும்பின. "அவன்தான்! அவன்தான் வரி கட்டாதவன்!" என்று கத்தியது முள்ளம்பன்றி.

"நீ பார்த்தியா?" என்று கேட்டது கரடி.

"முயல் சொன்னான்!"

முயல் காட்டுக்கோழியைக் காட்டியது. காட்டுக்கோழி மைனாவைக் காட்டியது. மைனா அலகால் கோடாயியைக் காட்டியது. கோடாயி ஓரடி பின்வாங்கியது. ஆனால் வீட்டில் மூன்று வாய் திறந்து கிடந்தது. அது இப்போதுதான் பட்டப்பகலில், எல்லோர் முன்னாலும், பார்த்ததைச் சொன்னது. புதுமண்ணைச் சொன்னது. சருகு மூடிய ஓட்டையைச் சொன்னது. அரைகுறைக் கன்னத்தைச் சொன்னது. அவ்வளவுதான் சொன்னது.

கரடி போய் மோந்தது. தோண்டியது. ஏழு அறையும் இல்லை, அக்கரைக்கு வழியும் இல்லை. ஒரே ஒரு அறை. அதில் ஒரு சின்னக் குவியல் அரிசி.

"மறைச்சது நிஜம்தான்," என்றது பூலோகம். தலை நிமிரவில்லை. "நாளைக்குக் கட்டலாம், நாளைக்குக் கட்டலாம்னு இருந்துட்டேன். இரண்டு பங்கு என்ன, எல்லாத்தையும் எடுத்துக்கங்க. ஆனா ஒண்ணு மாமா! நான் குறைச்சுப் போட்டேன். போட்டது அரிசி. உமி போட்டது நான் இல்ல!"

எல்லோரும் தங்கள் கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கரடி பொந்திலிருந்து உமியை அள்ளி மோந்தது. இப்போது பூ வாசம் இல்லை. "இது முள்ளம்பன்றி வாய். இது முயல் வாய். இது மைனா." ஒவ்வொரு பிடியாகக் கீழே போட்டுக்கொண்டே வந்தது. ஒரு பிடியில் நின்றது. மறுபடியும் மோந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது.

"இது அணில் வாய்."

கோடாயி முகத்தை வாலால் மூடிக்கொண்டு அழுதது.

அன்றைக்கே எல்லோருடைய வளையையும் கூட்டையும் கரடி சோதித்தது. மறைத்து வைத்த அரிசி எல்லா இடத்திலும் இருந்தது. பெரும்பாலும் வண்டு அரித்தும் ஈரத்தில் முளைத்தும் கெட்டுப்போயிருந்தது. தேறியதைத் திரட்டிக் கோடாயிக்குக் கொடுத்தார்கள். பூலோகமே தன் வாயில் சுமந்துகொண்டு போய்ப் பட்டமரத்தடியில் வைத்தது.

இரண்டு குஞ்சுகள் பிழைத்தன. கடைக்குட்டி பிழைக்கவில்லை.

"மண்ணைப் பார்த்த அன்னைக்கே என்கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதா, அம்மாடி?" என்று கேட்டது கரடி.

"கிளம்பி வந்தேன் மாமா! பாதி வழி வந்தேன்!"

"பாதி வழியிலதானே மைனா இருந்துச்சு," என்றது கரடி.

ஆகையால், ஒருவர் வரி ஏய்க்கிறார் என்று பட்டால், கண்ணால் பார்த்ததை மட்டும் விசாரிக்கிறவரிடம் நேராகப் போய்ச் சொல்ல வேண்டும். அதை வழியெல்லாம் கிசுகிசுத்தால் ஒருவர் செய்த தவறை ஊரே செய்யும், சொன்னவரும் சேர்ந்து செய்வார்.