மேய்ச்சல் சரிவும் முதல் தாம்பூலமும்

ஆடு மேய ஒரு மலைச்சரிவும், பொறாமை மேய ஒரு சபையும் இருந்த குறுமலை நாட்டை வெகு காலத்துக்கு முன்னால் மேகவண்ணன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் அடுத்தவன் வீட்டில் புதிதாக ஒரு ஜன்னல் வைத்தால்கூட இவனுக்குச் சோறு இறங்காது.

பக்கத்து நாட்டு ராஜா மலைச்சரிவில் ஒரு வெள்ளை மாளிகை கட்டிவிட்டான் என்று சேதி வந்தது. போதாதா?

"நமக்கும் சரிவு இருக்கிறதே! அந்த மேய்ச்சல் சரிவில் மாளிகை எழும்ப வேண்டும், அவன் மாளிகையைவிட ஒரு முழமாவது உயரமாக!" என்றான் ராஜா.

மந்திரி திருமேனி எழுந்தார். "மகாராஜா, அது சுண்ணாம்புச் சத்து ஏறிய களிமண். மேல் சரிவில் மண் தோல் மாதிரி மெல்லிசு, உடனே சுக்கான் என்கிற சுண்ணாம்புப் பாறை. நடுச் சரிவில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி கலந்த களி. அடிச் சரிவில் ஆழமான கரிசல். வெயிலில் கன்றுக்குட்டியின் கால் போகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் உப்பும். புல்லுக்கு அது போதும். சுவருக்கு ஆகாது."

ராஜாவின் முகம் சுருங்கியது. அதைப் பார்த்து இன்னொரு முகம் மலர்ந்தது. அரண்மனை மேற்பார்வையாளர் ஏகாம்பரத்தின் முகம்.

ஏகாம்பரத்துக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. தினம் சபை கூடியதும் ராஜா தன் கையாலேயே முதல் தாம்பூலம் மடித்துத் திருமேனிக்குக் கொடுப்பான். மற்றவர்கள் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த வெற்றிலையோ ஏகாம்பரத்தின் சொந்தக் கொடிக்கால் தோட்டத்திலிருந்து வருவது! 'என் வெற்றிலை, அவன் வாயா?' என்று தினமும் வெந்துபோவார். வீட்டில் மனைவி சோற்றுக்குக் கூப்பிட்டால்கூட, "போய் அந்தத் திருமேனிக்குப் போடு!" என்று எரிந்து விழுவார். அந்த அம்மாள் என்ன பாவம் செய்தாளோ.

"பிரபு, மண்ணென்றால் மண். இதில் என்ன மேல் சாதி, நடுச் சாதி? மந்திரியார் பேர் வைத்துப் பயம் காட்டுகிறார். நான் சரிவின் மேலே, நடுவே, கீழே மூன்று இடத்து மண்ணை மூன்று சட்டியில் கொண்டு வருகிறேன். எது எந்த இடம் என்று அவர் சொல்லட்டும். தவறினால் மாளிகை எழும்பட்டும். முதல் தாம்பூலமும் இனி எனக்கு."

"அவ்வளவுதானே?" என்றார் திருமேனி.

மறுநாள் மூன்று சட்டிகள் வந்தன. சரிவில் யார் ஏறுவது? ஏகாம்பரம் மூன்றையும் தன் கொடிக்காலிலேயே நிரப்பிவிட்டார். அதுவும் கறுத்த மண்தான். எப்படிச் சொன்னாலும் மந்திரி தோற்பார் அல்லவா!

திருமேனி மண்ணைக் கிள்ளினார், பிசைந்தார், விரலிடுக்கில் தேய்த்தார். ஒரு கணம் புருவம் ஏறி இறங்கியது.

"மகாராஜா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றும் ஒரே மண்ணாக இருக்கிறது."

"பார்த்தீர்களா, பார்த்தீர்களா!" ஏகாம்பரம் குதித்தார். "தாம்பூலத்தை இப்படிக் கொடுங்கள்!"

"கொடுக்கட்டும்" என்றார் திருமேனி. "இது வெடிக்காத, உப்பாத, அருமையான மண். மாளிகைக்கு ஏற்றது. ஏகாம்பரம் ஐயா, இது சரிவு மண்தானே?"

"என் தலைமேல் சத்தியம்!"

"அப்படியானால் மகாராஜா, இந்த மண் எங்கே வெட்டப்பட்டதோ அந்த இடம் இந்த நொடியிலிருந்து அரண்மனைக்குச் சொந்தம் என்று முரசு அறையச் சொல்லுங்கள். பிறகு ஒருவரும் உரிமை பேசக் கூடாது."

ராஜாவுக்கு ஒரே குஷி. முரசு முழங்கியது. ஏகாம்பரமே முதல் ஆளாகக் கை தட்டினார்.

வாசலில் ஆடு மேய்ப்பவர்களின் தலைவன் சடையக் கீதாரி நின்றிருந்தான். சரிவு போனால் ஆடுகள் எங்கே போகும் என்று முறையிட வந்தவன். ராஜாவுக்கு மரியாதையாகக் கொடுக்க ஒரு எலுமிச்சம்பழமும் கையில்.

"கீதாரி, சரிவிலிருந்துதானே நேராக வருகிறாய்?" என்றார் திருமேனி. "பழத்தையும் உன் செருப்பையும் இங்கே கொடு."

"செருப்பா சாமி? ராஜா முன்னாலயா?"

"கொடு அப்பா!"

செருப்பில் அப்பியிருந்த களியைச் சுரண்டி ஒரு தட்டில் வைத்துப் பழத்தைப் பிழிந்தார் திருமேனி. புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கியது. சபை எட்டிப் பார்த்தது.

"சுண்ணாம்பு இருக்கிற மண், புளிப்புப் பட்டால் இப்படிச் சீறும். சரிவில் எந்தப் பிடி எடுத்தாலும் இதே கதை." மிச்சச் சாற்றை மூன்று சட்டியிலும் விட்டார். மண் ஈரமானது. அவ்வளவுதான். "சட்டிகள் சும்மா இருக்கின்றன. இந்தச் சபையில் இப்போது சீறுவது ஏகாம்பரம் ஐயா மட்டும்தான்."

ராஜா திரும்பினான். "ஏகாம்பரம், இது எந்த இடத்து மண்?"

ஏகாம்பரம் சட்டிகளை மெல்லத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். திருமேனி நடுச் சட்டியைக் கிளறி, வாடிய அகத்திப் பூ ஒன்றை எடுத்து ராஜாவின் உள்ளங்கையில் வைத்தார். வெற்றிலைக்கொடி ஏறுவதற்காக அகத்தியை வரிசையாக நட்டிருக்கும் இடம் அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான்.

"கொடிக்கால்... என் கொடிக்கால், பிரபு..."

"உன்னுடையதா? முரசு கேட்கவில்லையா?" என்றான் ராஜா. "மாளிகை அங்கேதான். உயரம் போனால் போகட்டும், சுவராவது நிற்கும். கீதாரி, சரிவு உன் ஆடுகளுக்கே."

ஏகாம்பரம் காலில் விழுந்தார். திருமேனிதான் குறுக்கே வந்து, பாதிக் கொடிக்காலை அவருக்கே விடும்படி கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் ராஜா முதல் தாம்பூலத்தை மடித்து நீட்டினான். திருமேனி வாங்கிப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார். "வெற்றிலை கொடிக்காலில் விளைந்தது. சுண்ணாம்பு சரிவில் எடுத்துச் சுட்டது. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடாமல் ஒரே மடிப்பில் இருக்கின்றனவே, ஏகாம்பரம் ஐயா!"

மென்ற மந்திரிக்கு வாய் சிவந்தது. தட்டிலிருந்து எடுத்துக்கொண்ட ஏகாம்பரத்துக்கு, வெற்றிலை வாய்க்குப் போகும் முன்பே கண் சிவந்தது.