மீட்டருக்கு ஒற்றைக் காது

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து, கோவை மில் முதலாளி வையாபுரியின் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே இசைத்தட்டில் பாடும் பாட்டுக்காரியின் குரல் நிற்கவில்லை. கூடம் முழுக்கச் சிதறியது.

சோதிக்க வந்த நிபுணர் கிருபாகரன் ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டி முன்னாலும் தனித்தனியாக மைக் வைத்து அளந்தார்.

"பெட்டி ரெண்டும் சுத்தம். சுவர்தான் குத்தம். இடிச்சுத் தள்ளுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம்தான் சமையற்காரி குடியிருந்தாள். சுவர் போனால் அவள் வீடும் போகும்; கூடத்துக்கு வந்து நின்றாள்.

"ஏனுங்க சாமி, உங்க மீட்டருக்கு எத்தனை காதுங்க?"

"ஒண்ணு. அடுப்பைப் போய்ப் பாரு."

"எனக்கு ரெண்டுங்க. தனித்தனியாக் கேட்டா ரெண்டும் நல்லாத்தான் பாடுமுங்க. சேத்துக் கேட்டீங்களா? பூசையன்னிக்கு மொதலாளி ஒயரைக் கழட்டி, இந்தப் பெட்டியோட ரெண்டு திருகுக்கும் குங்குமம் வெச்சாருங்க. கறுப்பும் செவப்பாயிருச்சு. அப்புறம் அவரே மாட்டினாருங்க."

முந்தானையால் திருகுகளைத் துடைத்தாள். கறுப்புத் திருகில் சிவப்பு ஒயர் இருந்தது. அதனால்தான் ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தது. அவளே இரண்டையும் மாற்றி மாட்டினாள்.

இசைத்தட்டு சுழன்றதும் பாட்டுக்காரி நடுக்கூடத்தில் வந்து நின்றாள். ஆளில்லாத இடத்தில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. முதலாளி தன்னையறியாமல் எழுந்து கைகூப்பினார். இடிக்கும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

குரலை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியவள், சமையற்காரி பாவாத்தாள்.