வாசித்தாச்சு என்ற குறி

பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கம்பெனி. மலையோரச் சுகாதார நிலையங்களில் தடுப்பூசி மருந்து வைத்திருக்கும் ஃப்ரிட்ஜ்களை அங்கே உட்கார்ந்தபடியே கவனிப்பார்கள். ஒவ்வொரு ஃப்ரிட்ஜும் சூடு ஏறினால் ஒரே ஒரு தடவை தகவல் அனுப்பும். அந்தத் தகவலெல்லாம் கிளவுடில் வாய்க்கால் தண்ணீர் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவரும். ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய ஒரு புரோகிராம் அதை வாசித்து, அந்த இடத்தில் இருக்கும் நர்ஸுக்குத் தானாக ஃபோன் போடும்.

அந்தப் புரோகிராமை எழுதியவர் சவரிமுத்து. ஐம்பதை நெருங்குகிறவர். வங்கிக் கம்ப்யூட்டர்களோடு காலமெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுப்பவள் உலகம்மாள். அவர் மகள் வயசுதான் இருக்கும். சவரிமுத்துவுக்கு அதில் கூச்சம் கிடையாது. ‘என் குரு’ என்றே வெளியில் சொல்லிக்கொள்வார்.

போன வாரம் ஒரு மலை நிலையத்தில் ஃப்ரிட்ஜ் நின்றுபோய், மருந்தெல்லாம் வீணாகிவிட்டது. ஃபோனே வரவில்லை என்றார் அங்கே நர்ஸாக இருந்த பேச்சித்தாய் சிஸ்டர். கம்பெனிப் பதிவிலோ அந்தத் தகவலுக்கு எதிரே ‘வாசித்தாச்சு’ என்று குறி இருந்தது. மேனேஜருக்கு அது போதுமாம். ஃபோன் போனது, சிஸ்டர்தான் எடுக்கவில்லை என்று அறிக்கை தயார். சாயங்காலம் அனுப்பிவிடுவார். சிஸ்டர் ஒப்பந்தத்தில் இருக்கிறவர். அறிக்கை போய்ச் சேர்ந்தால் அவர் வேலை அதோடு சரி.

சவரிமுத்து காலையிலேயே சிஸ்டரோடு பேசிவிட்டார். அது பொய் சொல்கிற குரல் இல்லை. என்ன நடந்தது என்று கண்டுபிடிக்காமல் இன்று எழுவதில்லை என்று உட்கார்ந்தவர், மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. வரி வரியாகப் பார்த்தும் தப்பு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் உலகம்மாளிடம் போனார்.

“மேடம், வாசிச்ச தகவல் எப்படித் தொலையும்?”

உலகம்மாள் மேசை ஃபோனை அவர் பக்கம் தள்ளினாள்.

“உக்காருங்க அண்ணாச்சி. இப்ப நீங்கதான் புரோகிராம். நான் தகவல் சொல்லுவேன். கிடைச்சதும் அது என்ன செய்யும்?”

“உடனே ‘வாசிச்சாச்சு’ன்னு குறி போடும். அப்பத்தான் அடுத்தது சீக்கிரமா வரும். பிறகு ஃபோன் போடும்.”

“அப்படியே செய்ங்க. குறிக்குப் பதிலா ‘சரி’ன்னு சொன்னாப் போதும்.”

ஆரம்பித்தாள். கொஞ்சமும் இடைவெளி விடவில்லை.

“ஸ்டோர் ரூம்ல சூடு.”

“சரி.”

“கேன்டீன்ல சூடு.”

“சரி.”

“வாசல் செக்யூரிட்டி கிட்ட சூடு.”

“சரி.” சவரிமுத்து ஸ்டோர் ரூம் நம்பரை அழுத்த ஆரம்பித்தார். தன் வேகத்தில் அவருக்கே ஒரு பெருமை.

“எந்திரிங்க.”

“இன்னும் ஃபோன் போகலையே மேடம்.”

“எந்திரிங்கன்னேன்லா. ஃபோனைக் கீழ வைங்க.”

எழுந்தார். பக்கத்து மேசையில் இருந்த ரமீசாவை உலகம்மாள் கூப்பிட்டாள்.

“இவரு இடத்துல உக்காரு. அண்ணாச்சி சரின்னு சொல்லாம விட்டதை எல்லாம் நீ பாரு.”

ரமீசா உட்கார்ந்தாள். ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எல்லாத்துக்கும் சரின்னுட்டாரே அக்கா. எனக்கு ஒரு வேலையும் இல்லையே.”

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. கேன்டீனுக்கு இனி யாரும் ஃபோன் போடப்போவதில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

“போன வாரம் நான் புரோகிராமை நிறுத்திட்டு, புதுசா மாத்தி ஏத்தினேன்,” என்றார் மெல்ல. “அந்த நேரத்துல சிஸ்டரோட தகவல் கையில இருந்திருக்கு. குறி போட்டாச்சு, ஃபோன் போடலை. திரும்ப ஓட ஆரம்பிச்சதும் குறி இல்லாததை மட்டும் எடுத்திருக்கும்.”

உலகம்மாள் தலையாட்டினாள்.

சவரிமுத்து உட்கார்ந்து வருத்தப்படுகிற ஆள் இல்லை. நேரே தன் இடத்துக்குப் போய்க் குறி போடும் வரியை எடுத்து, ஃபோன் போடும் வரிக்குக் கீழே வைத்தார். வைத்தவருக்கு ஒரு சந்தேகம்.

“மேடம், ஃபோன் போட்ட பிறகு, குறி போடுறதுக்குள்ள நின்னுபோச்சுன்னா? ஒரே விஷயத்துக்கு ரெண்டு தடவை ஃபோன் போகுமே. திட்டுவாங்களே.”

“திட்டினா வாங்கிக்குங்க.”

மாற்றினதை வேண்டுமென்றே பாதியில் நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் தொலையவில்லை. பிறகு மேனேஜர் அறைக்குப் போனார். ‘தப்பு என் புரோகிராம் மேலதான், சிஸ்டர் மேல இல்ல’ என்று நின்ற நிலையிலேயே சொன்னார். மேனேஜர் கத்தினார், கம்பெனி பேர் என்னாவது என்றார். சவரிமுத்து அசையவில்லை. அறிக்கை அவர் கண் முன்னாலேயே மாறி, அனுப்பியும் ஆயிற்று.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மனசு லேசாகியிருந்தது. வேலைகள் வரிசையாகத் தெரியும் திரையில் இந்தப் பிரச்சினையைத் திறந்தார்.

“மேடம், திருத்தியாச்சு, சோதிச்சாச்சு, அறிக்கையும் போயாச்சு. இதை முடிஞ்சதுன்னு போட்டுடட்டுமா?”

உலகம்மாள் தன் திரையை விட்டுத் திரும்பவில்லை.

“பேச்சித்தாய் சிஸ்டருக்குச் சொல்லியாச்சா அண்ணாச்சி?”