தடசு இலைக்கு ஒரு தோள் தாழ்ந்த கதை

அந்தக் காலத்தில் மரம் பேசும், பன்றி அதற்குப் பதில் சொல்லும். மனிதர்கள்தான் பயந்துபோய்ப் பாதி நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். அப்படி மூடத் தெரியாத ஒருத்தி வெள்ளிமுடி மலையில் இருந்தாள். பெயர் நஞ்சி. அவளுக்கு வில் செய்வது தொழில்.

மலைமேல் சாமையும் தினையும் விளையும். கதிரில் பால் பிடித்ததும் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வந்து சேரும். வந்ததும் சும்மா இருக்காமல், "வந்துட்டோம்யா, முடிஞ்சா விரட்டிப் பாருங்க" என்று கொல்லை ஓரத்தில் நின்று குரல் வேறு கொடுக்கும். ஊராரிடம் இருந்ததெல்லாம் கோணல்மாணலான மூங்கில் வில். அம்பு கிழக்கே விட்டால் வடக்கே போகும். அதனால் அடிவாரத்துக் கோட்டையில் இருந்த கெம்பராயனின் ஆட்கள் வந்து காவல் காத்தார்கள். காவலுக்குக் கூலியாக விளைச்சலில் பாதி கோட்டைக்குப் போனது. பன்றி தின்றதும் போக, காவல்காரன் தின்றதும் போக, மிஞ்சியதைத்தான் விதைத்தவன் தின்றான்.

நஞ்சி தலையெடுத்த பிறகு இது மாறியது. அவள் தடசு மரத்தில் வில் செய்தாள். தடசுக்கட்டை நேராகப் பிளக்கும், நன்றாக வளையும், லேசில் முறியாது. ஆனால் கட்டை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. நடுப்பிடிக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை என்று வில்லுக்கு இரண்டு கைகள் உண்டு. நாணை இழுக்கும்போது இரண்டும் ஒன்றுபோல வளைய வேண்டும். ஒன்று விறைத்துக்கொண்டு நின்றால் மற்றதுதான் பாரம் முழுவதையும் சுமக்கும், ஒருநாள் படீரென்று போகும்.

அதற்கு அவளிடம் ஒரு வழி இருந்தது. வீட்டுக்கு முன்னால் நின்ற தடசில் கிளை இரண்டாகப் பிரியும் கவையில் வில்லின் நடுப்பிடியை வைப்பாள். நாணில் ஒரு கயிற்றைக் கட்டி, அதை மரத்து வேரில் சுற்றி, மறுமுனையை இழுத்தபடி பின்னால் போய் நிற்பாள். வில் வளையும். உடனே ஒரு தடசு இலையைக் காம்பு மேலே, நுனி கீழே இருக்கும்படி கண்ணுக்கு நேராகப் பிடிப்பாள். அந்தக் காலத்தில் தடசு இலைக்குக் காம்பின் இருபக்கமும் இரண்டு தோள்கள், அச்சு அசல் ஒரே மாதிரி இறங்கும். காம்பு இருக்கிற இடம் நடுப்பிடி, தோள்கள் இரண்டும் வில்லின் கைகள். இலையோடு ஒத்துப் பார்த்து, எந்தக் கை இறங்காமல் நிற்கிறதோ அதன் உள்பக்கத்தைக் கத்தியால் சுரண்டுவாள். மறுபடி கட்டி இழுப்பாள். மறுபடி சுரண்டுவாள்.

அந்த வில் வந்த பிறகு பன்றிகள் கொஞ்சம் மரியாதையாகப் பேசின. ஊரார் தாங்களே காவல் காத்தார்கள். கோட்டைக்குப் பாதி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கெம்பராயன் சும்மா இருப்பானா? பங்குனி வெயிலில் ஆட்களோடு மலையேறி நேராக நஞ்சி வீட்டுக்கு வந்தான். கூட அவள் தம்பி மாதனும் வந்தான். அவனும் நஞ்சியிடம் வேலை பழகியவன்தான். கோட்டையில் நெல்லுச்சோறு போடுகிறார்கள் என்று போனவன், அங்கேயே தங்கிவிட்டான்.

கெம்பராயன் சுவரில் சாய்த்திருந்த ஒரு வில்லை எடுத்துத் தடவிப் பார்த்தான். "நஞ்சி, இதுல ஒரு கையை மட்டும் தடியா விட்டுட்டா என்ன ஆகும்?"

"மத்த கை முறியும் ராயரே."

"எடுத்தவுடனேயா?"

"கொஞ்ச நாள் தாங்கும். அப்புறம் முறியும்."

"அப்படியே செய். ஊர்க்காரனுக்கு அது போதும். என் ஆளுங்களுக்கு மட்டும் ஒழுங்கான வில்லு செஞ்சு கொடு. உனக்கும் தினம் நெல்லுச்சோறு."

நஞ்சிக்கு உள்ளே கொதித்தது. "முறியற வில்லு யார் மூஞ்சியில அடிக்கும்னு தெரியுமா? அடுத்த வீட்டுக் காத்தான் மூஞ்சியில அடிக்கும். அவன் பொண்டாட்டி விடிஞ்சதும் என் வாசல்ல வந்து நிப்பா. நீங்களா வந்து அவளுக்குப் பதில் சொல்லுவீங்க? என் கை அந்த வேலைக்கு வராது. போய்ட்டு வாங்க."

அதுவரை கெம்பராயனிடம் யாரும் 'போய்ட்டு வாங்க' என்று சொன்னதில்லை.

"உன் கை வராட்டி என்ன, உன் தம்பி கை இருக்கே" என்றான் அவன். அன்றைக்கே ஊரில் இருந்த வில்லையெல்லாம் பிடுங்கிக் கட்டாகக் கட்டினார்கள். நஞ்சியின் கத்தியைக் கல்லில் சாய்த்து வைத்து மிதித்து ஒடித்தார்கள். இனிமேல் வில்லைத் தொட்டால் கையை எடுத்துவிடுவோம் என்றார்கள். கோட்டை ஆட்கள் எல்லாருக்கும் மாதன் புதுவில் செய்ய வேண்டும், அறுப்பு அன்று அந்த வில்லோடு வந்து பாதியை இல்லை, முழு விளைச்சலையும் அள்ளிக்கொண்டு போவோம் என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

நஞ்சி தடசிடம் போய் நின்றாள். மரம் பழைய இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்றது. கிளை நுனிகளில் கொழுந்து அப்போதுதான் கண் விழித்திருந்தது.

"என் தம்பி இலை பறிக்க வருவான். கொடுக்காதே" என்றாள்.

"கை நீட்டினவனுக்கு இல்லைன்னு சொல்ல மரத்துக்கு வழக்கம் இல்லை. உனக்கும் அப்படித்தானே கொடுத்தேன்?" என்றது தடசு.

"அப்போ ஊரு பட்டினி கெடந்து சாகட்டுமா?"

தடசுக்கும் கோபம் இருந்தது. தன் அடியில் ஒடிக்கப்பட்ட கத்தியை அது பார்த்துக்கொண்டுதானே இருந்தது. "கொடுக்காம இருக்க முடியாது. ஆனா எப்படிப்பட்ட இலையைக் கொடுக்கறதுங்கறது என் இஷ்டம். உச்சிக்கொழுந்தில ஒரு தோளை உன் நகத்தால கிள்ளு. மேலே கிள்ளினது கீழே வரைக்கும் பரவும். எங்க இனம் முழுக்கப் பரவும். ஆனா ஒண்ணு நஞ்சி, ஒருதடவை கோணினா கோணினதுதான். அப்புறம் நேரா வராது. உனக்கும் அளவு கிடையாது."

இங்கேதான் நஞ்சி தயங்கினாள். அதை மறைப்பானேன், பயந்துதான் போனாள். கத்தி போனால் கல்லைத் தீட்டிக்கொள்ளலாம். இலை போனால்? வேலை பழகிய நாளிலிருந்து இலையைப் பிடிக்காமல் அவள் ஒரு வில்லையும் பார்த்ததில்லை. அந்தச் சமயம் பார்த்துக் கோட்டைக்காரர்கள் இறங்கிப்போன பாதையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"கோணட்டும். அவனுக்கு நேரான அளவு கிடைக்கிறதைவிட எனக்கு இல்லாமலே போகட்டும்" என்று மரத்தில் ஏறினாள். உச்சிக்கொழுந்தைப் பிடித்தாள். ஒரு தோளை நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். மரம் அடி முதல் நுனி வரை ஒருமுறை சிலிர்த்தது. அவ்வளவுதான்.

கொழுந்து விரிந்து இலையானது. ஒவ்வோர் இலையிலும் ஒரு தோள் தூக்கி நின்றது, ஒரு தோள் சரிந்து கிடந்தது. மாதன் மலையேறி வந்து கை நீட்டினான், மரம் கொடுத்தது. அவனும் அதே கவையில் வில்லைக் கட்டி இழுத்து, இலையைப் பிடித்துப் பார்த்து, வில்லின் ஒரு கையை மட்டும் சுரண்டிக்கொண்டே போனான்.

தன் வீட்டு வேலி ஓரமாக நின்று பார்த்த நஞ்சிக்குப் பொறுக்கவில்லை. என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன். "டேய் மாதா! இலையைக் கீழே போட்டுட்டு வில்லைப் பாருடா. ஒரு கை தொங்குது, கண்ணு தெரியலையா உனக்கு?"

மாதன் ஒரு நொடி தயங்கினான். அவன் கண்ணுக்கும் அது தெரிந்தது. ஆனால் கையில் இலை இருந்தது. "நீதானேக்கா சொன்ன, உன் கண்ணு உன்னை ஏமாத்தும், இலை ஏமாத்தாதுன்னு. இப்போ வேலை எனக்குக் கிடைச்சதும் பேச்சு மாறுதா?"

"சொன்னேன்தான். இப்பவும் நான்தான் சொல்றேன். அதைப் போட்டுட்டு வா."

"வயித்தெரிச்சல்" என்று முணுமுணுத்துவிட்டு அவன் குனிந்து சுரண்டினான். நஞ்சிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே திரும்பி நடந்தாள்.

அதற்கப்புறம் அவள் நின்று யோசிக்கவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், பாறை இடுக்கில் வேலையைத் தொடங்கினாள். ஊரார் திருட்டுத்தனமாகக் கட்டை வெட்டிக் கொண்டுவந்தார்கள். கத்திக்குப் பதில் வெங்கச்சங்கல் என்ற வெள்ளைக் கல்லை உடைத்து அதன் கூர் விளிம்பால் சுரண்டினாள். முதல் வில் முறிந்தது. அடுத்ததும் முறிந்து அவள் கன்னத்தைக் கிழித்தது. காத்தான் பயந்துபோய், "விட்டுடு நஞ்சி, பாதியைக் கொடுத்துட்டுப் போவோம்" என்றான்.

"அவன் கேக்கறது இப்போ பாதி இல்லை, முழுசு. காதுல விழலையா உனக்கு?" என்று அவனையும் ஒரு பிடி பிடித்தாள்.

முறிந்த துண்டுகளை வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவள் கண்ணுக்கு எப்போதும் வலப்பக்கக் கை கொஞ்சம் கூடவே வளைந்தாற்போலத் தெரிந்தது. கண்ணுக்கும் ஒருதலைப் பட்சம் உண்டு போலிருக்கிறது. அடுத்த வில்லை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். அவிழ்த்து, வில்லின் இடது கையை வலப்பக்கம் வரும்படி மாற்றிக் கட்டி, மறுபடி இழுத்துப் பார்த்தாள். இரண்டு பார்வையிலும் எந்தக் கை விறைத்து நின்றதோ அதை மட்டும் சுரண்டினாள். அந்த வில் முறியவில்லை. இரண்டு கையும் ஒன்றுபோலக் குனிந்து, ஒன்றுபோல நிமிர்ந்தன. நஞ்சி அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தாள்.

அறுப்பு நாள் வந்தது. கெம்பராயன் ஆட்களோடு ஏறி வந்தான். பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று அடிவாரத்திலேயே நாண் பூட்டி, பூட்டிய வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டே மலை முழுக்க ஏறியிருந்தார்கள். வில் தெரிந்தவன் அந்த வேலையைச் செய்யமாட்டான். மெலிந்த கை வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தது.

மேலே கொல்லை வரப்பில் ஊரார் வரிசையாக நின்றார்கள். நடுவில் நஞ்சி. எல்லார் கையிலும் அவள் செய்த புது வில். புதருக்குள்ளிருந்து ஒரு கிழட்டுப் பன்றி தலையை நீட்டி, "சீக்கிரம் முடிவு பண்ணுங்கப்பா. இனிமேல் யாரைப் பார்த்து ஓடணும்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றது.

"வழியை விடு" என்றான் கெம்பராயன்.

"விதைச்சது நாங்க, களை எடுத்தது நாங்க, காத்ததும் நாங்க. ஒரு கதிரைத் தொட்டுப் பாரு" என்றாள் நஞ்சி. 'ராயரே' என்ற சொல் அவள் வாயிலிருந்து எங்கோ விழுந்துவிட்டிருந்தது.

"இழுங்கடா!" என்று கத்தினான் கெம்பராயன். அவன் ஆட்கள் காது வரை நாணை இழுத்தார்கள். படார், படார் என்று வில்கள் முறிந்தன. ஒருவனுக்கு உதடு கிழிந்தது, ஒருவனுக்குப் பல் போனது. கெம்பராயன் வில் முறிந்து அவன் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு போய்ப் புதரில் விழுந்தது. "யோவ்!" என்று பன்றி குதித்து ஓடியது. ஊரார் ஓர் அம்பும் விடவில்லை. நாணை இழுத்துப் பிடித்தபடி நின்றார்கள், அவ்வளவுதான்.

கோட்டைக்காரர்கள் இறங்கி ஓடினார்கள். மாதன் மட்டும் ஓடவில்லை. முறிந்த வில்லைக் கையில் வைத்துக்கொண்டு, அது மெலிந்து போயிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். "அக்கா..." என்றான். "பேசாம அறுக்கப் போ. ஆள் பத்தலை" என்றாள் நஞ்சி.

ஓடும் வழியில்தான் நஞ்சி வீட்டுத் தடசு நின்றது. கெம்பராயன் அங்கே நின்று ஒரு காவலன் கையிலிருந்த கோடாலியைப் பிடுங்கினான். இலையைப் பறித்துப் பார்த்தான். சூது புரிந்தது.

"துரோகி! உன்கிட்ட இலை கேட்டா இதையா கொடுத்தே?"

"கேட்டே, கொடுத்தேன். நேரான மனசோட கேட்டிருக்கலாம்" என்றது மரம்.

"இப்பவே நேராக்கு. இல்லேன்னா வெட்டிச் சாய்ச்சிடுவேன்."

"வெட்டு" என்றது தடசு.

வெட்டினான். சத்தம் கேட்டு நஞ்சி ஓடி வருவதற்குள் மரம் பாதையின் குறுக்கே கிடந்தது, அவன் போய்விட்டிருந்தான். அவள் அடிக்கட்டையைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். கோட்டைக்காரர்கள் அதற்குப் பிறகு அந்த மலையில் கால் வைக்கவில்லை. ஆனாலும் அவளுக்கு அந்த வெற்றி இனிக்கவில்லை.

மழை பெய்தது. ஒருநாள் காலையில் வெட்டுப்பட்ட அடிக்கட்டையைச் சுற்றிலும் துளிர் விட்டிருந்தது. நஞ்சி குனிந்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். ஒன்றுகூட விடாமல் அத்தனையும் கோணல்.

அன்று முதல்தான் தடசு இலை, காம்படியில் ஒரு தோள் தூக்கியும் ஒரு தோள் தாழ்ந்தும் முளைக்கிறது. வெட்டினாலும் அப்படித்தான் துளிர்க்கும், எரித்தாலும் அப்படித்தான் துளிர்க்கும். நேராக வா என்று எவன் வந்து அதட்டினாலும், அது இன்றுவரை காதில் போட்டுக்கொண்டதில்லை.