பிடி கொடுத்தவள்

சந்தனமாரி தோற்பதற்கு ஒரு நிமிடம் நாற்பது விநாடி போதுமானதாக இருந்தது.

உலக மல்யுத்தப் போட்டியில் பெண்களுக்கான முதல் சுற்று. மங்கோலியாவிலிருந்து வந்திருந்த துயா அவள் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்துப் பூட்டி, இடுப்பில் ஏற்றி எறிந்தாள். இரண்டு தோளும் விரிப்பில் படிந்தன. நடுவர் தரையைத் தட்டினார்.

சந்தனமாரிக்கு முப்பத்தொரு வயது. பதக்கம் இல்லாமல் திரும்பினால் இனி அணியில் இடமில்லை என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

அவள் பயிற்சிக் கூடத்துக்கு வந்து சுவரோரமாக உட்கார்ந்தாள். அவளுக்கு மல்யுத்தம் கற்றுக்கொடுத்த வஸ்தாது தஸ்தகீர் ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா வஸ்தாது?"

"இன்னும் இல்ல. துயா இறுதிப் போட்டிக்குப் போயிட்டா, அவகிட்டத் தோத்தவங்களைத் திரும்பக் கூப்பிடுவாங்க. வெண்கலத்துக்கு மோதலாம்."

"அவ போகலைன்னா?"

"பெட்டியைக் கட்டலாம்."

ஆண்கள் அணியின் ஜெபமணி பக்கத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தான். "அக்கா, உங்களைத் தூக்கிப் போட்டவ பேருக்கு ஒரு தேங்காய் உடைச்சிடுங்க" என்றான்.

"முதல்ல உன் மண்டையை உடைக்கிறேன், இரு."

ஆனாலும் துயாவின் அடுத்த இரண்டு போட்டிகளையும் அவள் உட்காராமல் பார்த்தாள். இரண்டிலும் துயா வென்றாள். கை தட்டித் தட்டிச் சந்தனமாரியின் உள்ளங்கை சிவந்துபோயிருந்தது.

அரையிறுதி ஐந்து மணிக்கு. நாலரைக்குத் துயா கூடத்தில் நின்று அங்குமிங்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடன் பயிற்சி செய்ய வந்திருந்த பெண் முழங்கால் பிசகி, மருத்துவ அறையில் படுத்திருந்தாள்.

தஸ்தகீர் அதைக் கவனித்தார். "நீ போய்ப் பிடி கொடு" என்றார். பிடி கொடுப்பது என்றால் எதிராளியின் இடத்தில் நிற்பது. பயிற்சி செய்பவர் பழகிப் பார்க்க உடம்பைத் தருவது.

"அவளுக்கா?"

"அவ ஜெயிக்கணுமா, வேண்டாமா?"

"ஜெயிக்கணும்."

"அப்பப் போ. நல்லாப் பிடி."

சந்தனமாரி போனாள். துயா கழுத்தைப் பூட்டினாள், இடுப்பைக் கொடுத்தாள், எறிந்தாள். சந்தனமாரி விழுந்தாள். எழுந்து வந்து நின்றாள். மறுபடி விழுந்தாள். ஏழெட்டுத் தடவை அப்படியே. கடைசியில் துயா ஏதோ யோசனையோடு தலையசைத்துவிட்டு, வணங்கிப் போனாள்.

திரும்பி வந்தவளிடம் தஸ்தகீர் கேட்டார். "என்ன, பஞ்சுப் பொதி மாதிரி போய் விழுந்த?"

"இறுக்கிப் பிடிச்சு அவளுக்கு எங்கேயாவது சுளுக்கிட்டா? எனக்கு இருக்கிற ஒரே வழி அவதான் வஸ்தாது."

இருவரும் அரங்கத்துக்குப் போனார்கள்.

அரையிறுதியில் எதிராளி பல்கேரியாக்காரி. கடைசி அரை நிமிடத்தில் துயா ஒரு புள்ளி பின்னால் இருந்தாள். கழுத்தையும் கையையும் பூட்டினாள். இடுப்பைக் கொடுத்தாள்.

"தூக்கு!" என்று கத்தினாள் சந்தனமாரி.

பல்கேரியாக்காரி இடுப்பைத் தாழ்த்தி அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்தாள். துயா அந்தக் கனத்தை எதிர்பார்க்கவில்லை. கால் வழுக்கியது, பிடி நழுவியது. பல்கேரியாக்காரி அவள் முதுகின்மேல் ஏறிவிட்டாள். மணி அடித்தது.

சந்தனமாரி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"லேசா வரும்னு நினைச்சுத் தூக்கினா" என்றாள் மெதுவாக. "நான் அப்படித்தானே போனேன்."



கூடத்துக்கு வந்ததும் அவள் காலணியின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள். ஒரு காலின் கயிறு அவிழ்ந்திருந்தபோது துயா எதிரே வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. மறுநாள் காலை வெண்கலப் பதக்கத்துக்கு அவளுக்கு ஒரு போட்டி இருந்தது. தன்னையும் காலியாகக் கிடந்த விரிப்பையும் சுட்டிக் காட்டினாள். பிறகு சந்தனமாரியின் மணிக்கட்டைப் பிடித்து, எலும்பு வலிக்கும்வரை அழுத்தினாள்.

"ஸ்ட்ராங்" என்றாள். அந்த ஒரு சொல்தான் இருவருக்கும் பொதுவாக இருந்தது. போய் விரிப்பின் நடுவில் நின்றுகொண்டாள்.

சந்தனமாரி மணிக்கட்டைத் தடவிக்கொண்டே தஸ்தகீரைப் பார்த்தாள்.

"நாளைக்கு அவ ஜெயிச்சாலும் தோத்தாலும் நான் வீட்டுக்குத்தான் போகணும். எனக்கு இதுல ஒண்ணுமே இல்ல. இனி எதுக்காகப் பிடிக்கச் சொல்றீங்க வஸ்தாது?"

தஸ்தகீர் குனிந்து, அவிழ்ந்து கிடந்த கயிற்றை அவள் காலில் கட்டினார். இரண்டு முடிச்சுப் போட்டார்.

"நாலரை மணிக்கு உன் கையில ஒரு பதக்கம் இருந்துச்சு. அவளைப் பிடிக்க இடமில்ல" என்றார். "இப்பக் கை காலியா இருக்கு. போய்ப் பிடி."